சனிக்கிழமைச் சோறு

முப்பத்திரண்டு வருடம் கிராமத்துக் கிளினிக்கில் தாதியாக இருந்தவள் நான். லாபு பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேரை நான்தான் தராசில் தூக்கிப் போட்டிருப்பேன். எடை ஏறினால் சந்தோஷம். ஏறாவிட்டால் தாய்க்காரிக்குத் திட்டு. எனக்குத் தெரிந்த வைத்தியம் மொத்தமும் இவ்வளவுதான் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அப்படிப்பட்டவளிடம், "ஆண்டி, உங்கள் குட்டி ரொம்ப வேகமாக வளர்கிறது, அதுதான் அதற்கு நோய்" என்று ஒரு சின்னப் பெண் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? அம்பாங்கானில் அந்த மிருக டாக்டரின் மேசைக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குட்டி என் மகனுடையது. கோலாலம்பூரில் பதினெட்டாவது மாடியில் குடியிருக்கிறவனுக்குக் கிரேட் டேன் நாய் எதற்கு? கேட்டேன். "பாக்க ஆசையா இருந்துச்சும்மா" என்றான். அடுக்குமாடி நிர்வாகம் கடிதம் அனுப்பியதும் அவன் ஆசை எங்கள் தலையில் வந்து விடிந்தது. "ரெண்டே மாசம்தான்மா, வேற வீடு பாத்துட்டு வந்து தூக்கிக்கிறேன்" என்று காரின் பின்சீட்டிலிருந்து இறக்கிவிட்டுப் போனான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயே என்று வீட்டுக்காரர் சிரித்தார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரியை முப்பது வருடம் ஓட்டியவர், எதற்கும் பதற மாட்டார். பதறுவதெல்லாம் இந்த வீட்டில் என் வேலை.

இரண்டு மாதக் குட்டி. கருகருவென்று, உடம்பில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. முகம் குழந்தை முகம்தான், ஆனால் பாதம் மட்டும் வேறு ஏதோ பெரிய நாயிடம் கடன் வாங்கி வந்ததுபோல இருந்தது. மகன் வைத்த இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையவில்லை. "டேய்" என்று கூப்பிட்டேன், ஓடி வந்தது. தூக்கிப் பார்த்தேன். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. அவ்வளவுதான், எனக்குள் இருந்த தாதி எழுந்து உட்கார்ந்துகொண்டாள். ஐயோ, பிள்ளை ஒல்லியாக இருக்கிறதே!

தோட்டத்துத் தாய்மார்களுக்கு நான் என்னென்ன சொன்னேனோ அத்தனையும் செய்தேன். காலையில் பால்மாவு கரைத்துக் கொடுத்தேன். மத்தியானம் சோற்றில் முட்டை. நெத்திலியை வறுத்துப் பொடித்து ஒரு டப்பா நிறைய வைத்துக்கொண்டு மூன்று வேளையும் தூவினேன். என் முட்டிவலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரை மிச்சம் இருந்தது, அதையும் தினம் ஒன்று வாழைப்பழத்தில் மறைத்து ஊட்டினேன். எலும்பு பெரிய எலும்பாச்சே, சுண்ணாம்புச் சத்து வேண்டாமா? மகன் கொடுத்துவிட்டுப் போன நாய்த் தீனி மூட்டை ஒன்று இருந்தது. அதை நான் தொட்டுக்கொள்ள வைக்கிற ஊறுகாய் மாதிரிதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்ப்போம். வீட்டுக்காரர் குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுவார். பிறகு தனியாக ஏறுவார். கழித்து வருவதைக் காலண்டரில் எழுதிவைப்பேன். வாரத்துக்கு இரண்டு கிலோ, சில வாரம் இரண்டரை. என் சர்வீஸில் இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை! காலையில் எழுந்து வந்தால், ராத்திரி படுத்த குட்டியை யாரோ எடுத்துக்கொண்டு வேறு நாயைப் போட்டுவிட்டுப் போனதுபோல இருக்கும். நேற்று நாற்காலிக்கு அடியில் புகுந்து போனது இன்று புகுந்து மாட்டிக்கொண்டு நாற்காலியோடு நடந்தது. கழுத்துப் பட்டை மூன்று வாங்கியாயிற்று. "இது நாயா, கன்னுக்குட்டியா? ஒன் மகன நல்லாக் கேட்டுச் சொல்லு" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இருந்தாலும் பெருமை தாங்கவில்லை.

எங்கள் எதிர்வீடு மண்டோர் வீடு, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய கங்காணி. தோட்டத்தை விற்றபோது எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வரிசை வீடு கிடைத்தது. பின்பக்கம் செம்பனை, முன்பக்கம் ஜாலான், தார் ரோடு. மண்டோருக்கு மேய்க்க ஆள் யாரும் இல்லாமல் பத்து வருடம் ஆகிவிட்டது, இன்னும் எல்லாருக்கும் அவர் மண்டோர்தான். சத்தமாகச் சிரிக்கிற மனிதர். இருபது வருடமாக இனிப்புநீர், சர்க்கரை வியாதி. நான் கிளினிக்கில் இருந்த காலத்திலேயே அவரைத் திட்டித் திட்டி என் தொண்டை வற்றியிருக்கிறது. "மிஸ்ஸி, நாக்கு கேக்குதே, நான் என்ன பண்றது?" என்பார். தோட்டத்தில் தாதிக்கு மிஸ்ஸி என்றுதான் பெயர். செருப்புக் கடித்த புண் ஒன்று இடது காலில் வந்து ஆறவே இல்லை. சிரம்பான் ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் ஆறவில்லை. முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம், பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, மண்டோர் பெண்சாதி தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு எங்கள் கேட்டில் வந்து நின்றாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. மந்தின்ல ஜாதகம் பாக்கிறவரு சொன்னாரு. இவருக்கு ஏழரைச் சனி நடக்குதாம். ஒரு பொட்டு வெள்ள இல்லாத கறுப்பு நாயிக்கு ஒம்பது சனிக்கிழமை நெய்ச்சோறு வைக்கணும்னாரு. வைரவர் வாகனம் இல்லையா. நடுவுல நாய மாத்தக் கூடாதாம். வச்சா கால் தப்பிச்சுக்கும்னாரு."

ஏழரைச் சனியாவது எட்டரைச் சனியாவது, சர்க்கரையைக் குறைக்கச் சொல் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், தூங்கி ஒரு மாதம் இருக்கும். தட்டைப் பார்த்தேன். நெய் மிதக்கிற சோறு, நடுவில் வெல்லக்கட்டி. என் குட்டிக்கு ஒரு வேளைச் சாப்பாடு ஆயிற்று என்றுதான், உள்ளபடி சொன்னால், எனக்குத் தோன்றியது. "இதுக்குப் போயி என்னத்துக்குத் தயங்குறே, வா தங்கச்சி" என்று கேட்டைத் திறந்தேன். குட்டி தட்டைத் துடைத்து வைத்தது. அவள் அதன் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ள தானா வளரும்பாங்கக்கா" என்றாள், அழுதுகொண்டே.

ஒருத்தி செய்தால் தெரு சும்மா இருக்குமா? மூன்றாவது சனிக்கிழமை நான்கு தட்டு வந்தது. மகளுக்கு வரன் அமையாதவள், கோர்ட்டில் கேஸ் நடக்கிறவர், மகன் பரீட்சை எழுதுகிறவள். எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு, உளுந்து வடை. "வைரவரு எழுந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். குட்டி எல்லா வேண்டுதலையும் பாகுபாடு இல்லாமல் தின்றது. அடுத்த நாள் தராசில் மூன்று கிலோ கூடியிருந்தது. வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் அதற்குப் பிறகு எடை பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

ஐந்தாவது சனிக்கிழமை, தட்டுகள் காலியான பிறகு, வாசல் சிமெண்டில் அது எழுந்து நின்றபோதுதான் பார்த்தேன். முன்னங்கால் இரண்டும் வில் மாதிரி வெளியே வளைந்திருந்தன. மணிக்கட்டு முன்னால் தள்ளிக்கொண்டு நடுங்கியது. இரண்டு எட்டு வைத்துவிட்டு, முனகி, படுத்துக்கொண்டது. நேற்று இப்படி இருந்ததா? ஒரு வாரமாகவே இருந்து நான்தான் பார்க்கவில்லையா? தினம் பார்க்கிற கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

திங்கட்கிழமை காலை அம்பாங்கான். டாக்டர் ஒரு சீனப் பெண், என் மகனைவிடச் சின்னவள். மலாயும் இங்கிலீஷும் கலந்து பேசினாள். படம் எடுத்துப் பார்த்தாள். என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் விரல்விட்டு எண்ணி, பரீட்சையில் எல்லாப் பதிலும் தெரிந்த பிள்ளை மாதிரி சொன்னேன். நெத்திலிப் பொடிக்கே அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கால்சியம் மாத்திரை என்றதும், "ஜாங்ஙான், ஆண்டி, ஜாங்ஙான்" என்று கையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

அவள் சொன்னதை எனக்குத் தெரிந்தபடி சொல்கிறேன். இந்த ஜாதி நாய் தானாகவே வேகமாக வளரும். நாம் சோறும் சுண்ணாம்பும் போட்டு இன்னும் விரட்டினால் எலும்பு ஒரு பக்கம் ஓடுகிறது, அதை இழுத்துப் பிடிக்கிற தசைநாண் கூடவே ஓட முடியாமல் பின்னால் நிற்கிறது. கால் வளைந்துவிடுகிறது. குட்டியை மெதுவாகத்தான் வளரவிட வேண்டும். மூட்டைத் தீனி மட்டும் கொடுக்க வேண்டும், அதையும் அளந்து கொடுக்க வேண்டும். வேறு ஒன்றும் வாயில் போகக்கூடாது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

"தட்டுப்பட வேண்டுமா, தட்டுப்படக் கூடாதா?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

"தட்டுப்பட வேண்டும், ஆண்டி."

ஆறு வாரம் பார்ப்போம், இந்த வயதில் நிமிர வாய்ப்பு இருக்கிறது என்றாள். நிமிரவில்லை என்றால்? அறுபது கிலோவுக்கு வளரப்போகிற உடம்பை வளைந்த கால் தாங்காது, அப்போது வேறு மாதிரிப் பேச வேண்டியிருக்கும் என்று குரலைத் தாழ்த்தினாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். நானே எத்தனையோ பேரிடம் அந்தக் குரலில் பேசியிருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குழப்பம். எடை ஏறுவது கெடுதலா? அப்படியென்றால் நான் இத்தனை வருடம் செய்தது என்ன? பிள்ளைக்கும் நாய்க்கும் வித்தியாசம் இருக்கிறது, சரி, அது எனக்கும் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. பிள்ளை இளைத்திருக்கிறதே என்று நான் எத்தனை தாய்மார்களை வரிசையில் நிறுத்தி வைத்து எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறேன்! அவர்களில் யாராவது ஒருத்தி சரியாக இருந்திருப்பாளோ? பின்சீட்டில் குட்டி என் கழுத்தை நக்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பசி.

அளவுக் கிண்ணம் வாங்கினேன். காலை, மத்தியானம், சாயங்காலம், தலைதட்டி ஒரு கிண்ணம். வழுக்காமல் இருக்க வீடு முழுக்க ரப்பர் விரிப்பு போட்டோம். சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தை வாயில் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போடும். பார்க்கும். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒரு நாள் வீட்டுக்காரர் பாதி ரொட்டி சானாயை மடித்து மேசைக்குக் கீழே நீட்டுவதைக் கையும் களவுமாகப் பிடித்தேன். "ஏங்க, உங்களுக்கு அறிவு இருக்கா? கால் போயிடும்ங்க!" என்று நான் கத்திய கத்தலில் ரொட்டியை அவரே தின்றார்.

சனிக்கிழமை வந்தது. மற்ற தட்டுக்காரர்களிடம் முதல் நாளே சொல்லியாயிற்று. முணுமுணுத்தார்கள், மிஸ்ஸி நாயைப் பட்டினி போடுகிறாள் என்று ஜாலான் முழுக்கச் சொன்னார்கள், போகட்டும். மண்டோர் பெண்சாதியிடம் மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் குளித்து ஈரத்தலையோடு தட்டை ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். நான் கேட்டைத் திறக்காமல் உள்ளேயே நின்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"ஒரு வாய்தான்க்கா. ஒரே வாய்."

"ஒரு வாய்னு ஒனக்கு வுட்டா மத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றது? வேற நாயிக்கு வையேன்."

"வேற எங்கக்கா இருக்கு? கடத்தெரு நாயெல்லாம் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. இருக்கிற ஒண்ணும் செவல. அதோட நாய மாத்தக் கூடாதுன்னுல்ல சொன்னாரு. அஞ்சு முடிஞ்சிருச்சுக்கா, இன்னும் நாலுதான். இன்னைக்கு விட்டா வேண்டுதல் அத்துப் போயிரும்க்கா."

குட்டி நெய் வாசத்துக்கு எழுந்து, அந்த வளைந்த காலோடு தள்ளாடித் தள்ளாடி கேட்டுக்கு வந்தது. அவள் கம்பி வழியாகக் கையை நீட்டினாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ!

"கைய எடு! நாய்க்கு நெய்ச்சோறு வச்சா மனுசன் கால் ஆறுமா? வீட்டுல இருக்கிற மனுசனுக்கு மூணு வேளையும் கொட்டிக் கொட்டிக் குடுத்து நீதான் அந்தக் காலத் தின்ன. மொதல்ல அத நிறுத்து!"

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. அவள் தட்டை முந்தானையால் மூடினாள், ஜாலானைக் கடந்து வீட்டுக்குள் போனாள். எதிர்வீட்டு ஜன்னலில் மண்டோர் உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

மிருக டாக்டரைப் பார்த்து வந்த நான்காவது வாரம் மண்டோரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டுவிட்டது. முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் பார்க்கப் போனார். நான் போகவில்லை. கூப்பிட்டார், தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

இனிப்புநீர்ப் புண் எப்படி ஆறும், எப்படி ஆறாது என்று எனக்குத் தெரியும். ரத்த ஓட்டம் இல்லாத காலைச் சோறு காப்பாற்றாது. இதைப் பத்துப் பேர் முன்னால் நின்று படம் போட்டு விளக்கியவள் நான். தெரிந்து என்ன புண்ணியம்? பாத்திரம் கழுவும்போது, துணி காயப்போடும்போது, நான்கு சனிக்கிழமைதானே, நான்கு வாய்தானே என்று உள்ளே ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். வாயை மூடு என்று அவளைத் திட்டினேன். கேட்கவில்லை. ஒரு வாய்ச் சோற்றில் நாயின் கால் போயிருக்குமா? போயிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லையே.

அதே வாரங்களில்தான் குட்டியின் கால் நிமிர்ந்தது. முதலில் நடுக்கம் நின்றது. பிறகு மணிக்கட்டு உள்ளே போனது. ஆறாவது வாரம் டாக்டர் அதைக் கூடத்தில் முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பார்த்துக் கைதட்டினாள். "நீங்கள் நல்ல அம்மா, ஆண்டி" என்றாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அழுகை வந்துவிட்டது. "நல்ல சேதிதானே சொன்னாங்க, என்னத்துக்கு அழுற?" என்று வீட்டுக்காரர் திகைத்தார். எனக்கே தெரியாததை அவருக்கு நான் எப்படிச் சொல்வேன்?

மண்டோர் திரும்பி வந்து மூன்று நாள் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் நான் வாசலில் இருந்தபோது அவர் பெண்சாதி அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஜாலானைக் கடந்து தள்ளிக்கொண்டு வந்தாள். ஓடி உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் கேட்டுக்கே வந்துவிட்டார்கள். குட்டி, இனிமேல் அதைக் குட்டி என்று எப்படிச் சொல்வது, கேட்டுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. நாலு காலும் தூண் மாதிரி நேராக இருந்தன.

மண்டோர் அதை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பழையபடி அந்தச் சத்தமான சிரிப்பு.

"டேய் வைரவா! என் கால வாங்கி நீ மாட்டிக்கிட்டியாடா? சரி லா, யாராச்சும் ஒருத்தன் நல்லா நடக்கட்டும்."

"மண்டோர், அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "விடுங்க மிஸ்ஸி, நீங்க திட்டாத திட்டா?" என்று கையை அசைத்துவிட்டு நாயின் காதைச் சொறிந்தார். அவர் மன்னித்தாரா, வேடிக்கைக்குச் சொன்னாரா, அது வேறு ஏதாவதா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவர் பெண்சாதி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நாயின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் வந்து, அவருக்குக் கேட்காதபடி கம்பியோரம் நின்று பேசினாள்.

"அக்கா, இதுக்குக் கால் நல்லாயிருச்சில்ல? டாக்டர் இனிமே சோறு வைக்கலாம்னு சொன்னாங்களா?"

"எதுக்கு தங்கச்சி?"

"முதல்லேருந்து ஒம்பது சனிக்கிழமை வச்சுடுறேன்க்கா. கொஞ்சமா, ஒரு கைப்பிடிதான். அவருக்கு இன்னொரு கால் இருக்கில்ல."

ரத்த ஓட்டம், சர்க்கரை, செருப்பு, புண்ணை எப்படிக் கழுவுவது, எல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. முப்பத்திரண்டு வருடம் சொன்னதுதானே. ஒன்றையும் நான் சொல்லவில்லை.

"சனிக்கிழம எத்தன மணிக்கு வருவ?" என்று கேட்டேன்.